மலைமேல் ஒரு சிம்மாசனம் – 14: அரசர் இல்லாத கொலுமண்டபம்

போன வாரம் எகலப்பொலவின் குடும்பம் அழிந்த கதையோடு நிறுத்தியிருந்தோம்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காகச் சுருக்கமாக: 1739-இல் கண்டியின் சிங்கள அரசர் பட்டத்து வாரிசு இல்லாமல் இறந்தார். தென்தமிழகத்திலிருந்து பெண் கொடுத்திருந்த நாயக்கர் குடும்பத்துக்கு அரியணை போனது. அந்த வழியில் நான்காவதாக, 1798-இல், பதினெட்டு வயதுக் கண்ணுசாமி ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பெயரோடு பட்டத்துக்கு வந்தார். அவரை அரியணையில் உட்காரவைத்தவர் மகா அதிகாரம், அதாவது முதலமைச்சர், பிலிமத்தலாவ. பின்னாளில் அவரே மன்னரைக் கொல்லச் சதி செய்து தலை இழந்தார். அவருக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த எகலப்பொல, 1814-இல் சப்ரகமுவவில் கலகம் மூட்டி, அது தோற்றதும் எல்லை தாண்டி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். கண்டியில் அவர் விட்டுப்போன மனைவியும் பிள்ளைகளும் மன்னரின் கோபத்துக்கு இரையானார்கள்.

இதற்கிடையில் வாசகர்கள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். கொழும்புக்குப் போகிறோம், கண்டிக்கு ஒதுக்க ஒன்றரை நாள்தான் இருக்கிறது, எதைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்று.

இந்த வாரம் பதில் சொல்வது சுலபம். 1815-ஆம் ஆண்டின் கதையில் பெரும்பகுதி, புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையைச் சுற்றிப் பத்து நிமிட நடைக்குள்தான் நடந்தது. கதையையும் பயணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

*

கொழும்பு கோட்டை நிலையத்தில் காலை ரயிலைப் பிடியுங்கள். பேருந்தும் இருக்கிறது. ஆனாலும் ரயிலில் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரம்புக்கணையைத் தாண்டியதும் தண்டவாளம் மலையில் ஏறத் தொடங்கும். கடுகண்ணாவ வரைக்கும் ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். போர்த்துக்கீசியரையும் ஒல்லாந்தரையும் கண்டி எப்படி இரண்டு நூற்றாண்டுக்குமேல் சமாளித்தது என்பதை அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும்.

கண்டிக்குப் பெரிய கோட்டை மதில் கிடையாது. மலை, காடு, காய்ச்சல், நகரை மூன்று பக்கமும் வளைத்து ஓடும் மகாவலி கங்கை, இவைதான் அதற்குக் காவல். படையெடுத்து வருபவனை உள்ளே விட்டு, அரசர் காட்டுக்குள் ஒதுங்கி, மழையும் நோயும் வந்தவனை அரித்த பிறகு திரும்பிவந்து முடிப்பது அவர்கள் போர்முறை. 1803-இல் ஆங்கிலேயருக்கும் இதுதான் நடந்தது. காலியாகக் கிடந்த நகரைப் பிடித்தார்கள். பொம்மை அரசராக முத்துசாமியை உட்காரவைத்தார்கள். ஜூன் மாதம் மேஜர் டேவியின் படை சரணடைந்து, மகாவலிக் கரையில் வெட்டிச் சாய்க்கப்பட்டது. முத்துசாமியின் தலையும் உருண்டது.

அந்தத் தோல்வியிலிருந்து ஆங்கிலேயர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. கண்டியைப் பீரங்கியால் பிடிக்க முடியாது. உள்ளேயிருந்து ஒருவர் கதவைத் திறந்துவிட வேண்டும்.

*

கதவைத் திறக்கும் ஆளைத் தேடிக்கொண்டிருந்தவர் ஜான் டொய்லி.

கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு இலங்கைக்கு வேலைக்கு வந்தவர். மாத்தறையில் ஒரு பௌத்த பிக்குவிடம் சிங்களம் கற்றார். உள்ளூர்க்காரர்களே வியக்கும் அளவுக்கு அந்த மொழி அவருக்கு வசப்பட்டது. பிறகு வேவு பார்ப்பதே அவருடைய முழுநேர வேலையானது. எல்லை தாண்டி வரும் வியாபாரி, யாத்திரை போகும் பிக்கு, குறைசொல்ல வரும் சிற்றதிகாரி என எல்லாருடைய பேச்சும் அவர் நாட்குறிப்பில் ஏறியது. யாருக்கு மன்னர்மேல் என்ன வருத்தம், எந்தக் கணவாயில் எத்தனை பேர் காவல், எந்தப் பிரதானி யாரோடு பேசுவதில்லை... எல்லாம் கொழும்பில் ஒரு மேசைமேல் சேர்ந்துகொண்டிருந்தது.

அவருக்கு வேண்டிய வருத்தங்களை மன்னரே வாரி வழங்கினார் என்பதை மறைக்க முடியாது. வயல் நிலத்தைக் கரைகட்டி ஏரியாக்கினார். இன்று கண்டியின் அழகு என்று நாம் படம் எடுக்கும் அதே ஏரி. 1807-இல் தொடங்கிய அந்த வேலைக்கும், தேவேந்திர மூலாச்சாரி வடிவமைத்த மதில், மண்டப வேலைகளுக்கும் குடிமக்களைக் கட்டாய ஊழியத்துக்கு இழுத்தார்கள். ஏரிக்கரையில் அலை அலையாக எழுந்து இறங்கும் அந்த மதிலைத் தொட்டுப் பாருங்கள். முக்கோண முக்கோணமாக விளக்குவைக்கும் பிறைகள் வரிசையாக இருக்கும். ஏரிக்கரையில் அது முழுவதும் சுற்றி முடியவில்லை. முடிப்பதற்குள் அரசே முடிந்துவிட்டது.

ஆனால் ஊழியத்தைவிட ஆழமாக அறுத்தது எகலப்பொல குடும்பத்தின் கொலைதான். தலதா மாளிகைக்கு எதிரே, நகரின் மிகப் பழைய கட்டடமான நாத தேவாலயம் இருக்கிறது. அதைச் சுற்றிய திடலில் சற்று நில்லுங்கள். பிள்ளைகளின் தலை வெட்டப்பட்டது இந்தப் பகுதியில்தான். மனைவி குமாரிஹாமியைப் போகம்பரக் குளத்தில் மூழ்கடித்தார்கள். அண்ணன் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிய, தம்பி மத்தும பண்டார தானே முன்வந்து கழுத்தை நீட்டினான் என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

கதையின் எல்லா விவரமும் உண்மையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நமக்குக் கிடைக்கும் விரிவான எழுத்துகளில் ஒன்று, ஆளுநரின் மருத்துவராக வந்த ஜான் டேவி 1821-இல் வெளியிட்ட நூல். வென்றவர் தரப்பில் எழுதப்பட்டது அது. மன்னரை எவ்வளவு கொடியவராகக் காட்டுகிறோமோ அவ்வளவு நியாயம் தங்கள் படையெடுப்புக்கு என்பதை அந்தத் தரப்பு நன்றாக அறிந்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். என்றாலும், அந்தக் கொலைக்குப் பிறகு கண்டிப் பிரதானிகளில் ஒருவர்கூட இரவில் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்று எகலப்பொல, நாளை யார்?

*

1814-இன் இறுதியில் சாக்கு கிடைத்தது.

ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியிலிருந்து கண்டிச் சீமைக்கு வியாபாரத்துக்குப் போன பத்துப் பேரை ஒற்றர்கள் என்று பிடித்தார்கள். மூக்கு, காது, கை எனத் துண்டித்து, வெட்டிய உறுப்புகளை அவர்கள் கழுத்திலேயே கட்டித் துரத்தினார்கள். ஏழு பேர் வழியில் செத்தார்கள். மூன்று பேர் அந்தக் கோலத்திலேயே கொழும்பு வந்து சேர்ந்தார்கள்.

1815 ஜனவரி 10. ஆளுநர் ராபர்ட் பிரௌன்றிக் போர்ப் பிரகடனம் செய்தார். போர் மன்னரோடு மட்டும்தான், கண்டி மக்களோடு அல்ல என்று அதில் எழுதியிருந்தது. டொய்லியின் இத்தனை ஆண்டு உழைப்பின் சாரம் அந்த ஒரு வாக்கியம்.

கொழும்பு, காலி, திருகோணமலை, மட்டக்களப்பு எனப் பல திசைகளிலிருந்தும் படைப்பிரிவுகள் மலையேறின. எகலப்பொல ஆங்கிலேயரோடு கூடவே வந்தார். மன்னர் நம்பியிருந்தது புதிய மகா அதிகாரம் மொல்லிகொடவை. மேற்கு வாசலைக் காக்க வேண்டியவர் அவர்தான்.

மொல்லிகொட ஏற்கெனவே ஆங்கிலேயருக்குச் சேதி அனுப்பியிருந்தார். அவரைத் தடுத்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. அவருடைய குடும்பம் மன்னரின் பிடியில் இருந்தது. எகலப்பொலவின் பிள்ளைகளுக்கு நேர்ந்தது தன் பிள்ளைகளுக்கும் நேரக்கூடாது. குடும்பம் பத்திரமாக வெளியே வந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான், பிப்ரவரியில், தன் மாகாணங்களின் கொடிகளோடு ஆங்கிலேயர் முகாமுக்குள் நடந்தார்.

இந்தப் போரில் ஒரு முடிவான சண்டை உண்டா என்று கேட்டால், இல்லை. முடிவான நொடி உண்டு. அது இதுதான்.

பிப்ரவரி 14 அன்று ஆங்கிலேயர் கண்டிக்குள் நுழைந்தார்கள். தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அரண்மனையில் அரசர் இல்லை. தலதா மாளிகையில் புத்தரின் புனிதப் பல்லும் இல்லை. அதை முன்கூட்டியே எடுத்துப்போய் ஒளித்துவிட்டார்கள்.

1803-இலும் நகரம் இப்படித்தான் காலியாகக் கிடந்தது. அதே பொறியா? மழைக்காலம் வரைக்கும் காத்திருந்து மன்னர் திரும்பி வருவாரா?

*

இந்த முறை காடு அவரைக் காக்கவில்லை.

தும்பரைப் பக்கம் ஓடிய மன்னர், மெதமகாநுவர மலையடிவாரத்தில், ராணிகளோடு ஒரு வீட்டில் ஒளிந்திருந்தார். பிப்ரவரி 18 அன்று எக்நெலிகொட என்ற தலைவரின் ஆட்கள் வீட்டைச் சூழ்ந்தார்கள். வந்தவர்கள் ஆங்கிலேயர் அல்லர், எகலப்பொலவின் ஆதரவாளர்கள். மன்னரைக் காட்டுக்கொடியால் கட்டினார்கள். நகைகளைப் பறித்தார்கள். ராணிகளின் காதிலிருந்த நகைகளை இழுத்த இழுப்பில் காது கிழிந்து ரத்தம் வழிந்ததாகச் சொல்வார்கள். ஆங்கிலேயரின் மொழிபெயர்ப்பாளராக வந்த டயஸ் என்பவர் தலையிட்டுத்தான் அந்த வெறி அடங்கியது. அவர் எழுதிவைத்த விவரம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

அடுத்துச் செய்தி கேட்டு வந்த டொய்லியிடம், மன்னர் தம் தாயையும் ராணிகளையும் ஒப்படைத்துக் காக்கும்படி வேண்டினார். தம்மை வீழ்த்த ஆண்டுக்கணக்கில் வலைபின்னிய மனிதர் இவர்தான் என்று மன்னருக்குத் தெரிந்திருக்குமா?

கண்டி – மகியங்கனை சாலையில் போனால், பிடிபட்ட இடத்தில் நினைவுக்கல் ஒன்றைப் பார்க்கலாம். ஒன்றரை நாள் பயணத்தில் போய்வர அரை நாள் கேட்கும். கார் அமர்த்திக்கொள்ள முடிந்தால் இரண்டாம் நாள் காலையை இதற்குக் கொடுங்கள். முடியாவிட்டால் வருத்தம் வேண்டாம். இந்த அத்தியாயத்தின் உச்சம் நகருக்குள்ளேயே இருக்கிறது.

*

அதன் பெயர் மகுல் மடுவ. மன்னர்கள் கொலுவிருந்த மண்டபம்.

தலதா மாளிகைக்கு வருபவர்கள் வரிசையில் நின்று, மாடியேறி, பல் வைத்த பேழை இருக்கும் அறையைக் கும்பிட்டுவிட்டு, எண்கோண மண்டபத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே திறந்து கிடக்கும் இந்த மண்டபத்துக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். உங்களிடம் இருப்பது ஒன்றரை நாள்தான் என்றால், அதில் ஒரு முழு மணி நேரத்தை இங்கே செலவிடுங்கள். மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

மாலை மூன்று, நான்கு மணிக்கு வருவது நல்லது. தோளும் முழங்காலும் மறைகிற உடை வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும். நுழைவாயிலில் சோதனை இருக்கும். 1998 ஜனவரியில் மாளிகை வாசலில் லாரியில் குண்டு வெடித்தது. இந்த மண்டபமும் சேதப்பட்டு, பிறகு சீரமைக்கப்பட்டது. போயா எனப்படும் பௌர்ணமி நாளில் கூட்டம் நெரியும். அதைத் தவிர்த்துத் தேதி குறியுங்கள்.

நாலு பக்கமும் சுவரில்லாத நீண்ட மண்டபம். வரிசை வரிசையாக மரத்தூண்கள். ஒரு தூணருகே போய் அண்ணாந்து பாருங்கள். சதுரமாகத் தொடங்கி, எண்பட்டையாக மாறி, மறுபடி சதுரமாகும் உடல். தலையில் நான்கு பக்கமும் கவிழ்ந்து தொங்கும் தாமரைப் போதிகை. நம் கோயில் மண்டபத்தில் கருங்கல்லில் செய்வதை இங்கே மரத்தில் செய்திருக்கிறார்கள். கட்டத் தொடங்கியவர் இந்த மன்னருக்கு முன்னிருந்த ராஜாதி ராஜசிங்கன், 1780-களில்.

1815 மார்ச் 2. இந்தத் தூண்களுக்கு நடுவே ஒரு பக்கம் பிரௌன்றிக்கும் அவருடைய அதிகாரிகளும். எதிரே கண்டியின் அதிகாரங்கள், மாகாணங்களை நிர்வகித்த திசாவைகள், பிரதானிகள். பன்னிரண்டு ஷரத்துகள் கொண்ட ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது.

முதலில் மன்னரின் கொடுமைகள் பட்டியலிடப்பட்டன. அவர் அரசுரிமை இழந்தார். அவருடைய வம்சத்துக்கு இனி அரியணையில் என்றைக்கும் பாத்தியதை இல்லை. மன்னரின் உறவினர்களான ஆண்கள் எழுத்து மூல அனுமதி இல்லாமல் மலைநாட்டுக்குள் கால்வைத்தால் மரண தண்டனை வரை போகும். கண்டி மாகாணங்கள் பிரித்தானிய முடியைச் சேரும். பிரதானிகளின் உரிமைகள் காக்கப்படும். ஐந்தாம் ஷரத்து, பௌத்த மதம் மீறப்படாமல் பேணப்படும் என்று உறுதி கூறியது. உறுப்புகளை வெட்டும் தண்டனை ஒழிந்தது.

நாயக்கர் உறவினர்கள் வாழ்ந்த தெரு அன்றோடு சூனியமானது. மலபார் வீதி என்ற பெயர் மட்டும் கண்டியில் இன்றும் தங்கியிருக்கிறது.

அதே நாளில் ஆங்கிலேயர் கொடியை ஏற்றியபோது, வாரியபொல சுமங்கல தேரர் அதை இறக்கி மிதித்து, ஒப்பந்தம் முடியாமல் இந்தக் கொடிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டதாகக் கண்டியில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

வாசித்து முடித்தபோது அந்த மண்டபத்தில் அரசர் இல்லை. காவலில் கொழும்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அங்கே போய்ச் சேர்ந்தது மார்ச் 6. அடுத்த ஆண்டு ஜனவரியில் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பி, வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832-இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவருடைய நினைவிடம்தான். வேலூர் நாட்களுக்குத் தனி அத்தியாயம் உண்டு.

*

இப்போது ஒரு தேதியைக் கவனியுங்கள்.

ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது மார்ச் 2. பிரதானிகள் கையெழுத்திட்டது அன்றல்ல. முக்கியமானவர்கள் சிலர் மார்ச் 10 அன்றும், மிச்சமிருந்தவர்கள் மார்ச் 18 அன்றும்தான் ஒப்பமிட்டார்கள்.

ஒரு நாட்டையே எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்கு ஏன் இத்தனை நாள் இடைவெளி?

அந்தப் பத்திரத்தின் கையொப்பங்களைப் பற்றியும் ஓயாத வாதம் உண்டு. சில பிரதானிகளின் ஒப்பத்தில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன என்று பலர் வாசித்திருக்கிறார்கள். கிரந்தம் என்பவர்களும், இரண்டும் கலந்தது என்பவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும், ‘அந்நிய’ வம்சத்தை விரட்டுகிறோம் என்று எழுதிய தாளின் அடியிலேயே அந்த வம்சத்தின் அரண்மனைப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

எகலப்பொல அரியணையை எதிர்பார்த்திருந்தார் என்பது அவருடைய நடத்தையிலேயே தெரிகிறது. மனைவி மக்களைப் பலிகொடுத்தவர். வழிகாட்டியாகக் கூடவே வந்தவர். ஒப்பந்தம் முடிந்தபின் ஆங்கிலேயர் பெரிய பதவி கொடுக்க முன்வந்தபோது வேண்டாம் என்றார். பிரித்தானிய அரசின் நண்பன் என்று அழைத்தால் போதும் என்றார்.

டொய்லிக்குக் கண்டியிலேயே வதிவிடப் பிரதிநிதிப் பதவி. 1824-இல் காய்ச்சல் கண்டு இங்கேயே இறந்தார். பழைய ராணி மாளிகையில் இயங்கும் தேசிய அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேட்டில் ஏறினால் படைவீரர் கல்லறைத் தோட்டம் வரும். கிரேக்கத் தூண் ஒன்று உடைந்து நிற்பதுபோல் செதுக்கிய நினைவுச்சின்னம் அவருடையது. அங்கிருந்து இறங்கி, மாலை ஆறரை மணிப் பூசைக்கு மாளிகைக்குள் வந்துவிடலாம். மேளம் முழங்கத் தொடங்கியதும் பேழை அறையின் கதவு திறக்கும்.

சிம்மாசனத்தைத் தேடாதீர்கள், அது கண்டியில் இல்லை. 1693-இல் ஒல்லாந்தர் பரிசளித்த அந்த ஆசனத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், 1934-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர் திரும்பும் நாளில் அதற்கு நேரம் வையுங்கள்.

ஆனால் கண்டி மக்களுக்கு அரசுரிமையின் அடையாளம் சிம்மாசனம் அல்ல. பல் யாரிடமோ, நாடு அவருடையது. மார்ச் 2 அன்று அந்தப் பல் நகருக்குள் இல்லவே இல்லை. ஏப்ரல் 24 அன்றுதான், பெரிய ஊர்வலத்தோடு, அது மாளிகைக்குத் திரும்பியது. ஒப்பந்தம் வாசித்து ஐம்பது நாளுக்குமேல் ஆன பிறகு.

பிரதானிகள் கொடுக்க நினைத்தது ஒரு மன்னரை. ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டது ஒரு நாட்டை. இந்த வித்தியாசம் கையெழுத்திட்டவர்களுக்கு எப்போது உறைத்தது?

ஒப்பமிட்டவர்களில் ஒருவர் ஊவாவின் திசாவை, மொனரவில கெப்பெட்டிப்பொல. 1817-இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் கலகம் வெடித்தபோது, அதை அடக்க ஆங்கிலேயர் அனுப்பியது இவரைத்தான், துப்பாக்கியும் ரவையும் கொடுத்து. போனவர், வாங்கிய ஆயுதங்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட்டு, கலகக்காரர்கள் பக்கம் போய் நின்றார்.

இரண்டரை ஆண்டுக்கு முன் பிரித்தானிய முடிக்குக் கையெழுத்திட்ட மனிதர், எதிரியைச் சுடுவதற்கு எதிரியின் துப்பாக்கியைக்கூட வைத்துக்கொள்ள மனமில்லாமல் காட்டுக்குள் நடந்தாரே, அந்த மனிதரை மாற்றியது எது?

(தொடரும்)